இலவச விளையாட்டுக்கு விலை கொடுப்பது யார்?

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது. சட்டம் வந்த சில நாள்களிலேயே டிரீம்11, எம்பிஎல் போன்ற நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. ரம்மியில் சம்பளத்தை இழந்தவர்கள், கடனில் மூழ்கியவர்கள், உயிரையே விட்டவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களைப் பார்த்துவிட்ட தமிழ் மக்களுக்கு அது நிம்மதி தந்த செய்தி.

ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருப்பது பெரும்பாலும் ரம்மி அல்ல. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், கேண்டி கிரஷ். இவை எல்லாமே இலவசம். பதிவிறக்கக் காசு இல்லை, விளையாடக் காசு இல்லை. 'விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம்' என்று உள்ளே ஒரு கடை மட்டும் திறந்திருக்கும். அந்தக் கடையை வைத்தே இந்த நிறுவனங்கள் பிழைக்க முடியுமா, முடியும் என்றால் யாருடைய காசில் பிழைக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்தை அடுத்த நல்லவாடு என்ற மீனவ கிராமத்தைப் பலர் சுனாமியோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்கு அந்த அழைப்பும் அந்த ஒலிபெருக்கியும்தான் காரணம். அன்று ஊருக்கே ஓரிரு தொலைபேசிகள். இன்று நல்லவாடு, வில்லியனூர், பாகூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு இரண்டு மூன்று ஸ்மார்ட்போன்கள். ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரீனா நிறுவனத்தின் தலைமையகமும் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. தகவல் வந்த அதே திசையில் இப்போது காசு போகிறது.

நூறில் நான்கு பேர்

விருப்பப்பட்டால் மட்டும் காசு என்று வைத்தால் யார் கொடுப்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. இதற்குத் தெளிவான பதில் 2014 இல் கிடைத்தது. கேண்டி கிரஷ் விளையாட்டை வெளியிட்ட கிங் நிறுவனம் அந்த ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது. பங்கு விற்க வேண்டுமானால் கணக்கைத் திறந்து காட்டியாக வேண்டும். காட்டியது. 2013 இல் வருமானம் சுமார் 188 கோடி டாலர், லாபம் 56 கோடி டாலருக்கும் மேல். மாதந்தோறும் விளையாடுபவர்களில் காசு கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர்தான். மீதி 96 பேர் ஒரு பைசா தரவில்லை.

ஆக, லாபம் வரும். அதில் சந்தேகமே இல்லை. அந்த 96 பேரும் வீண் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். காசு கொடுப்பவனுக்கு எதிரே விளையாட ஆள் வேண்டும், அவன் வாங்கிய உடையைப் பார்த்து வியக்க ஆள் வேண்டும், 'நீயும் வா' என்று கூப்பிட நண்பன் வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கூலியின்றி அமர்த்திக்கொள்ளும் முறையின் பெயர்தான் 'இலவசம்'. கொடுக்கிற நான்கு பேரிலும் எல்லாரும் சமம் இல்லை. மூவர் ஐம்பது, நூறு என்று எப்போதோ வாங்குவார்கள். நான்காமவர் மாதம் பல ஆயிரம் கொட்டுவார். இப்படிப்பட்டவரை இத்தொழிலில் 'திமிங்கலம்' என்றே அழைக்கிறார்கள். மனிதருக்கு வைத்த பெயரா இது என்று கேட்கத் தோன்றும்.

உள்ளே விற்கப்படும் சரக்கும் ஒரே வகை அல்ல. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு 'எல்லாம் மோசம்' என்பதும் தவறு, 'எல்லாம் விருப்பம்தானே' என்பதும் தவறு.

ஃபோர்ட்நைட் போன்ற விளையாட்டில் சட்டை, தொப்பி, நடன அசைவு விற்கிறார்கள். வாங்கினால் அழகாகத் தெரியும், ஜெயிக்க உதவாது. இது அலங்காரம். கேண்டி கிரஷ் ஐந்து 'உயிர்' தரும். ஒன்று போனால் மீண்டும் வர அரை மணி நேரம். காத்திரு, அல்லது காசு கொடு. கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் கட்டடம் எழும்ப நாள்கணக்கில் ஆகும்; ரத்தினக் கல் வாங்கினால் உடனே முடியும். இங்கே விற்கப்படுவது பொருள் அல்ல, பொறுமையின்மை. தடையை வைத்தவரும் அவரே, தடையை நீக்கக் காசு கேட்பவரும் அவரே. சில விளையாட்டுகளில் பலமே விலைக்குக் கிடைக்கும். காசு கொடுத்தவன் சுட்டால் எதிரி சீக்கிரம் விழுவான். நான்காவது வகை அதிர்ஷ்டப் பெட்டி: காசு கொடு, பெட்டியைத் திற, உள்ளே அரிய துப்பாக்கியும் இருக்கலாம், குப்பையும் இருக்கலாம். ஃப்ரீ ஃபயரில் 'லக் ராயல்' என்ற பெயரில் சுழலும் சக்கரம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

காசும் காசாகக் கேட்கப்படுவதில்லை. முதலில் ரூபாயை 'டைமண்ட்' ஆக மாற்ற வேண்டும். எண்பது, நூறு ரூபாயில் தொடங்கும் பொட்டலங்கள். பொருளின் விலையும் பொட்டலத்தின் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. கொஞ்சம் டைமண்ட் மிஞ்சும் அல்லது கொஞ்சம் குறையும். மிஞ்சினால் வீணாகாமல் இருக்க இன்னொன்று வாங்கத் தோன்றும், குறைந்தால் சொல்லவே வேண்டாம். ரூபாய்க் கணக்கு மனதை விட்டுப் போய்விடும். கிளப்புகளில் பணத்துக்குப் பதில் வில்லை தருவதும் இதற்காகத்தான்.

ஒரு தடை, ஒரே நாளில் 1,600 கோடி டாலர்

இந்தியாவில் இந்த வியாபாரத்தின் எடை எவ்வளவு என்று தற்செயலாக வெளிப்பட்ட நாள் 2022 பிப்ரவரி 14. அன்று 54 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. பட்டியலில் கரீனா ஃப்ரீ ஃபயர் இருந்தது. அதன் தாய் நிறுவனமான சீ லிமிடெட், அமெரிக்கச் சந்தையில் ஒரே நாளில் சுமார் 18 சதவீதம் சரிந்தது. 1,600 கோடி டாலர் மதிப்பு கரைந்தது. ஒரு விளையாட்டின் தடைக்கு இவ்வளவா என்றால், அந்த நிறுவனத்தின் ஷாப்பி என்ற இணைய அங்காடி நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தீனி போட்டது ஃப்ரீ ஃபயரில் வரும் டைமண்ட் காசு. தடை வந்த அடுத்த மாதமே ஷாப்பி இந்தியாவை விட்டுக் கிளம்பியது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற இன்னொரு வடிவம் மட்டும் பிள்ளைகள் கையில் தொடர்ந்தது. தோனியை விளம்பரத் தூதராக அறிவித்து 2023 செப்டம்பரில் மீண்டும் வருகிறோம் என்றார்கள். அந்த வெளியீடு தள்ளிப்போனது.

பப்ஜி கதையும் அப்படியே. 2020 செப்டம்பர் 2 இல் தடை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று புதுப் பெயரில் வரவு. 2022 ஜூலையில் மீண்டும் முடக்கம். 2023 மே மாதம் மீண்டும் அனுமதி. தடைகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது நாட்டின் பாதுகாப்பு, தரவுப் பாதுகாப்பு. பிள்ளைகளின் காசு என்ற கேள்வி எந்த உத்தரவிலும் மையமாக இல்லை.

அந்தக் கேள்வியை நிறுவனம் எப்படிப் பார்த்தது? பிஜிஎம்ஐ வந்தபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம்தான் விளையாடலாம். நாளுக்கு 7,000 ரூபாய் வரைதான் செலவழிக்கலாம். மீண்டும் படியுங்கள்: மாதத்துக்கு அல்ல, நாளுக்கு. சீனாவில் 2019 இல் வந்த விதிப்படி, 16 முதல் 18 வயது வரை உள்ளவர் மாதம் முழுவதும் 400 யுவான்தான் செலவழிக்க முடியும். அன்றைய மதிப்பில் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அங்கே ஒரு மாதத்துக்கு வைத்த எல்லையைவிட இங்கே ஒரு நாளுக்கு வைத்த எல்லை பெரிது. ஏழாயிரம் ரூபாயைக் கடலோரக் கிராமத்தில் எத்தனை வீடுகள் ஒரே நாளில் பார்க்கின்றன?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வருமானம் நிற்கும். பள்ளிக்கூடமும் அப்போதுதான் விடுமுறை. பையன்கள் போனோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாதமும் வீட்டில் காசில்லாத மாதமும் ஒன்றே. நம் சமூகத்தில் இதற்கு வேறொரு முகம் உண்டு. தந்தை துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். மாதச் செலவுக்கு அனுப்பும் பணம் தாயின் கணக்கில் விழும். தாய்க்குச் செயலி புரியாது, மகனுக்குப் புரியும். மின்கட்டணம், எரிவாயு, கடைக்காரர் எல்லாவற்றுக்கும் அவன்தான் பணம் அனுப்புவான். பின் எண் அவனுக்குத் தெரியும். கூகுள் பிளேயில் யுபிஐ வழியாக டைமண்ட் வாங்குவதற்கும் மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவதற்கும் அவன் விரலுக்கு வித்தியாசமில்லை. நூறு நூறாகப் போவதை, பள்ளிக் கட்டணத்துக்காகப் பணம் எடுக்கும் நாளில்தான் தாய் கவனிப்பார். 'விருப்பப்பட்டு வாங்கியது' என்கிறார்களே, அந்த விருப்பம் யாருடையது? காசு சம்பாதித்தவருக்கு அப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது.

வெளிநாடுகளில் நடந்த வழக்குகள்

இதைப் பெற்றோரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. பணக்கார நாடுகளிலும் இதே கதைதான், அங்கே அரசாங்கம் கேள்வி கேட்டது. 2014 இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகள் செய்த கொள்முதல்களுக்காக ஆப்பிளை குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுளை 1.9 கோடி டாலரும் திருப்பிக் கொடுக்க வைத்தது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டின் எபிக் கேம்ஸ் மொத்தம் 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இதில் 24.5 கோடி டாலர், பொத்தான்களைக் குழப்பமாக அமைத்து வேண்டாதவற்றை வாங்க வைத்ததற்காக. ஒரே பொத்தானைத் தெரியாமல் அழுத்தினாலே காசு போய்விடும். தகராறு செய்தவர்களின் கணக்கை முடக்கினார்கள் என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் நிறுவனம் 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி அதிர்ஷ்டப் பெட்டி விற்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. பெல்ஜியம் இன்னும் ஒருபடி மேலே போய், 2018 ஏப்ரலிலேயே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் சூதாட்டமே என்று அறிவித்தது. நிறுவனங்கள் அந்நாட்டில் அவற்றை விற்பதை நிறுத்தின. விளையாட்டுகள் அங்கே செத்துவிடவில்லை.

மார்க்கம் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. விலை தெரிந்து, பொருள் தெரிந்து, இரு தரப்பும் சம்மதித்து நடப்பது வியாபாரம். என்ன கிடைக்கும் என்றே தெரியாமல் காசைக் கொடுத்துக் காத்திருப்பது 'கரர்' என்றும், அதிர்ஷ்டத்தின் மீது பணம் வைப்பது 'மைசிர்' என்றும் ஃபிக்ஹ் நூல்கள் பிரித்துப் பேசுகின்றன. அந்த அளவுகோலில் ஃபோர்ட்நைட் சட்டை வீண்செலவாக இருக்கலாம், சூதாட்டம் ஆகாது. சுழலும் சக்கரத்தை அப்படிச் சொல்ல முடியுமா? சிறுவர் என்பது இன்னொரு சிக்கல். விவரம் அறியாத பிள்ளையிடம் கொடுக்கல் வாங்கல் செய்வது பற்றி மார்க்கத்திலும் வரம்பு உண்டு, நாட்டுச் சட்டத்திலும் உண்டு. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903 இல் பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்தது.

இங்கே நம்மவர்கள் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பகடை உருட்டி விளையாடும் மோனோபொலி கோ என்ற இலவச விளையாட்டு 2023 இல் வந்து உலகெங்கும் பெரும் பணம் பார்த்தது. பகடை தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதை நடத்தும் ஸ்கோப்லி நிறுவனத்தை அதே ஆண்டு 490 கோடி டாலருக்கு வாங்கியது சவூதி அரசின் முதலீட்டு நிதிக்குச் சொந்தமான சாவி கேம்ஸ். போக்கிமான் கோ விளையாட்டும் 2025 இல் 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லியின் கைக்கு வந்தது. செப்டம்பரில் இஏ நிறுவனத்தையே கூட்டாளிகளோடு 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அதே முதலீட்டு நிதி அறிவித்தது. பெல்ஜியம் சூதாட்டம் என்று சொன்ன பெட்டிகளில் ஒன்று இஏவின் ஃபிஃபா விளையாட்டில் இருந்ததுதான். எண்ணெய் தீர்ந்தபின் என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள், சரி. ஆனால் இந்தக் கேள்வியைச் சிங்கப்பூரிடமும் சீனாவிடமும் மட்டும் கேட்டுவிட்டு ரியாத்திடம் கேட்காமல் இருப்பது நேர்மையாகாது.

சிறிய நிறுவனத்துக்கு என்ன மிஞ்சும்?

கிங், கரீனா சம்பாதித்தார்கள் என்பதால் எல்லாரும் சம்பாதிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். கணினிப் பட்டம் முடித்த நம் பிள்ளைகள் பலருக்கு விளையாட்டுச் செயலி செய்யும் ஆசை இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பேர் விளையாடுகிறார்கள், நூற்றுக்கு இரண்டு பேர் மாதம் நூறு ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 20,000. அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருந்தால் சுமார் 3,050 போகும். மீதியில் கூகுளுக்கு 15 சதவீதம், சுமார் 2,540. ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டினால் 30 சதவீதம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். இந்தக் கட்டண முறைக்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது பிறகு குறைக்கப்பட்டது. ஆக, கையில் 14,400 ரூபாய். அந்தப் பத்தாயிரம் பேரை விளம்பரம் செய்து அழைத்துவர ஆளுக்குப் பத்து ரூபாய் ஆகியிருந்தாலே ஒரு லட்சம்.

இந்தியாவில் பதிவிறக்கம் மலைபோல, கொள்முதல் கடுகுபோல. அதனால்தான் லூடோ கிங் போன்ற வெற்றிபெற்ற இந்திய விளையாட்டும் பெரும்பாலும் விளம்பர வருமானத்தை நம்பியிருக்கிறது. மும்பையில் 2016 இல் வெளியான அது, 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. மிரட்டாமல், மயக்காமல், திமிங்கலம் பிடிக்காமல் கடை நடத்தினால் லாபம் மெலிந்துதான் இருக்கும். பெரிய லாபம் பார்த்த கடைகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தடையையோ அதிர்ஷ்டத்தையோ விற்றவையாகத்தான் இருக்கும்.

உண்மையிலேயே விருப்பத்தின் பேரில் காசு வாங்கும் இடங்களும் இருக்கின்றன. குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனபின் சதுரங்கம் ஆட ஆரம்பித்த பிள்ளைகள் பலருக்கு லிச்செஸ் தளம் தெரியும். பிரான்சில் லாப நோக்கமின்றி நடப்பது. விளம்பரம் இல்லை, எல்லா வசதியும் எல்லாருக்கும் இலவசம். நன்கொடை கொடுத்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு இறகுச் சின்னம் மட்டும் வரும். ஆட்டத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. 2010 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. 'லாபம்' என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் செலவு ஈடாகிறது.

புதிய சட்டம் எதைத் தொடுகிறது?

தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டமும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுக்குத் தடை விதித்து 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் சரியென்று ஏற்ற விதிகளும் கடலூரோடு நின்றுவிடும். சில கிலோமீட்டர் தாண்டினால் புதுச்சேரி, வேறு ஆட்சி. மத்தியச் சட்டம் இந்த எல்லைக் குழப்பத்தைத் தீர்க்கிறது. ஆனால் அது தடுப்பது பணமோ பணத்துக்கு ஈடானதோ ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு காசு வைக்கும் விளையாட்டை. காசு கொடுத்து வாங்கிய நாணயமும் டோக்கனும் 'பந்தயப் பொருள்' ஆகலாம் என்று விளக்கம் சொல்கிறது. மறுபக்கம், சந்தா அல்லது நுழைவுக் கட்டணம் வாங்கும் 'சமூக விளையாட்டு' அனுமதிக்கப்படுகிறது. டைமண்ட் கொடுத்துச் சக்கரம் சுற்றி, விற்க முடியாத ஒரு துப்பாக்கித் தோலை ஜெயித்தால் அது எந்தப் பக்கம்? சட்டத்தின் எழுத்தில் நேரடிப் பதில் இல்லை. 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் 13 தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. விளையாட்டுக் கடைகள் மீது அவற்றைப் பயன்படுத்தலாம். 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. பெட்டிகளைப் பெயர் சொல்லித் தொடும் விதி வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஜமாஅத்துகளும் பெற்றோர் சங்கங்களும் மனுக் கொடுக்கத் தடையொன்றும் இல்லை.

இதற்கிடையே காசு போய்விட்டவர்கள் செய்யக்கூடியது உண்டு. கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் அங்கேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் அனுமதியின்றி நடந்த கொள்முதல் என்றால் 120 நாள்களுக்குள் புகார் பதிவு செய்யலாம். வங்கி அறிக்கையில் தேதி, தொகை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளே ஸ்டோரின் கொள்முதல் வரலாற்றில் அதே வரிகள் இருக்கும். பிளே அமைப்புகளில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்க ஒரு நிமிடம் போதும். யுபிஐ பின்னை இன்றே மாற்றிவிடுங்கள். மின்கட்டணம் கட்ட மகனுக்குப் போனைக் கொடுக்கலாம், பின்னைத் தாயே அழுத்தட்டும். டைமண்ட் மலிவாகத் தருகிறேன் என்று யாராவது தனியாகப் பணம் வாங்கி ஏமாற்றியிருந்தால் அது விளையாட்டுக் கடை விவகாரம் அல்ல, மோசடி. அதற்கு 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.